12 வாரம் காத்திருக்க முடியாது: கர்ப்பகாலத் தைராய்டு குறைவு பற்றி நெல்லைச் சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்ட சுகாதார அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நாள் தள்ளிப்போய், வீட்டிலேயே கார்டு வைத்துப் பார்த்து, இரண்டு கோடு தெரிந்த பிறகு நம் ஊர்ப் பெண் ஒருத்திக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதலில் சில நாள் யாரிடமும் சொல்வதில்லை. பிறகு அம்மாவுக்கு, மாமியாருக்கு, அதற்கும் பிறகுதான் செவிலியருக்கு. கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மி எண் பதிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, இரத்தம் கொடுத்து, அடுத்த வருகையில் முடிவைப் பார்த்து, மாத்திரை கைக்கு வரும்போது பல பேருக்குப் பத்து, பன்னிரண்டு வாரம் ஓடிவிடுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பதால், வீடுகளிலும் அதையே கெடுவாக வைத்துக்கொள்கிறார்கள். நிதியுதவிக்கு அந்தக் கெடு சரி. தைராய்டு குறைவுள்ள பெண்ணுக்கோ, மிக முக்கியமான காலம் அதற்குள் கைவிட்டுப் போயிருக்கும்.

காரணம் எளிது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் தைராய்டு சுரப்பி 10, 12 வாரத்துக்கு முன் ஹார்மோன் செய்யத் தொடங்குவதில்லை. தன் தேவைக்குப் போதுமான அளவு சுரக்க 18, 20 வாரம் ஆகிறது. அதுவரை மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனான தைராக்சின் தாயின் இரத்தத்திலிருந்துதான் போகிறது. தாயின் தேவையும் 4 முதல் 6 வாரத்திலேயே ஏறத் தொடங்கி, 16, 20 வாரம்வரை ஏறிக்கொண்டே போகிறது. நல்ல சுரப்பி உள்ளவர் தானாகக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடுவார். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயால் சுரப்பி பழுதானவருக்கும், அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்துவிட்டவருக்கும் அது முடியாது. மாத்திரையைத்தான் கூட்டவேண்டும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, ஏற்கெனவே லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிட்டுவரும் பெண்களைப் பற்றியது. செவிலியர்களின் கையில் தகுதிவாய்ந்த தம்பதியர் பதிவேடு இருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் யார் யார் என்று அதில் குறித்துவையுங்கள். அவர்கள் கருத்தரிக்கும் முன்பே டி.எஸ்.எச். (தைராய்டு குறையும்போது இரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: கார்டில் இரண்டு கோடு வந்த அன்றே வாரத்துக்கு 7 மாத்திரை என்பதை 9 ஆக்கிக்கொள்ள வேண்டும். தினமும் ஒன்று; ஞாயிறும் புதனும் மட்டும் இரண்டு. 50 மைக்ரோகிராம் சாப்பிடுகிறவருக்கு வாரக் கணக்கு 350-லிருந்து 450 ஆகும்; கால்பங்குக்குச் சற்று மேலான உயர்வு. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஒருநாள் 50, மறுநாள் 75 என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கும், இதய நோய் உள்ளவர்களுக்கும் மருத்துவரே கணக்குப் போட்டு எழுதித் தரட்டும். மற்றவர்கள் இதற்காக ஒரு சீட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்த வாரத்திலேயே இரத்தப் பரிசோதனைக்கு வந்தால் போதும்.

நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. "வயித்துல பிள்ள இருக்கும்போது இந்த மாத்திரயெல்லாம் எதுக்குளா, நிப்பாட்டு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அக்கறையில்தான். மருந்துக்கடையிலும் சிலர் "டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பெண் மருத்துவரைப் பார்க்கும்வரை மாத்திரையே இல்லாமல் போகும். லெவோதைராக்சின் நம் உடல் சுரக்கும் அதே ஹார்மோன்தான். பிள்ளைக்குக் கெடுதல் செய்வது அதை நிறுத்துவதுதான். வீட்டுக்குப் போகும் செவிலியர் இதை அந்தப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் பலிக்காது. மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லவேண்டும்.

அடுத்தது, தைராய்டு இருப்பதே தெரியாதவர்கள். சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல், தூக்கம் எல்லாம் கர்ப்பத்திலும் வரும், தைராய்டு குறைவிலும் வரும். அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், கழுத்தில் வீக்கம் உள்ளவர், குடும்பத்தில் தைராய்டு உள்ளவர், கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறந்தது போன்றவை நேர்ந்தவர், உடல் பருத்தவர், குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுத்தவர் ஆகியோருக்கு முதல் வருகையிலேயே டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறது. எங்கள் கருத்தில், ஹீமோகுளோபினுக்கும் சர்க்கரைக்கும் ஊசி குத்தும்போதே எல்லாருக்கும் இதையும் பார்த்துவிடலாம். வெறும் வயிறு தேவையில்லை. முடி உதிர்வதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு வரவேண்டும்; அது சோதனை முடிவைப் பொய்யாக்கும்.

முடிவுத்தாளைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆய்வகம் அச்சிடும் இயல்பு அளவு பெரும்பாலும் 0.4 முதல் 4.5 வரை என்று, கர்ப்பமில்லாதவர்களுக்கான அளவாகவே இருக்கும். மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கு 3.9 என்று வந்தால் தாளில் நட்சத்திரக் குறி விழாது. 'நார்மல்' என்று கோப்பில் போய்விடும். அவருக்கு இலக்கு 2.5-க்குக் கீழே. புதிதாகப் பார்க்கப்படுகிறவருக்கு நம் அரசின் வழிகாட்டுதல் முதல் மூன்று மாதத்தில் 2.5-ஐ எல்லையாக வைக்கிறது: 2.5 முதல் 10 வரை என்றால் தினம் 25 மைக்ரோகிராம், 10-க்கு மேல் என்றால் 50. பன்னாட்டு வழிகாட்டுதல்கள் இப்போது 4-ஐ ஒட்டி எல்லை வைத்து, 2.5-க்கும் 4-க்கும் இடையில் இருப்பவர்களில் டி.பி.ஓ. ஆன்டிபாடி (சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள்) உள்ளவர்களுக்குச் சிகிச்சையை யோசிக்கச் சொல்கின்றன. இந்த இடைப்பட்ட அளவில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் டி.எஸ்.எச். 3.8 வந்த பெண்ணிடம் "குழந்தைக்கு மூளை வளராது" என்று யாரும் சொல்லக் கூடாது. அது உண்மையும் இல்லை. அந்தப் பயத்தில் கருவைக் கலைக்கும் பேச்சுவரை போகும் குடும்பங்கள் உண்டு.

எதிர்முனையில், 30, 40 என்று வரும் முடிவுகளை அதே நிதானத்தோடு பார்க்கக் கூடாது. அங்கே 50 மைக்ரோகிராம் எழுதிவிட்டு ஆறு வாரம் விடுவது போதாது. அத்தகைய பெண்ணுக்குத் தேவை எடைக்கு ஏற்ப கிலோவுக்குச் சுமார் 2 மைக்ரோகிராம். 50 கிலோ இருப்பவருக்கு ஏறத்தாழ 100. இரத்தத்தில் உள்ள தைராக்சினை நேரடியாக அளக்கும் ஃப்ரீ டி4 சோதனைக்கு எழுதிவிட்டு, மாத்திரையை அன்றே தொடங்கி, அதே வாரத்தில் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கருச்சிதைவு, இரத்தக்கொதிப்பு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்ற ஆபத்துகள் மிக அதிகமாகக் கூடுவது இந்தப் பெண்களுக்குத்தான்.

மருந்து எழுதுவதைவிட அதைச் சாப்பிடவைப்பதில்தான் அதிகம் தவறுகிறது. லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் முழுதாக உறிஞ்சப்படும். சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு என்று சீட்டில் எழுதுகிறோம். முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் பெண்ணின் காலையை நினைத்துப் பாருங்கள்: எழுந்ததும் தண்ணீர் பிடிக்கவேண்டும், அடுப்பில் கடுங்காப்பி கொதிக்கும், எல்லாருக்கும் ஊற்றும்போது தானும் ஒரு வாய் குடிப்பாள். மாத்திரையும் காப்பியும் ஐந்து நிமிட இடைவெளியில் வயிற்றில் சேரும். டி.எஸ்.எச். இறங்காது, அடுத்த முறை அளவைக் கூட்டி எழுதுவோம்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பல பெண்கள் இரவில் இரண்டு, மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்திருப்பார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரும் மாத்திரை டப்பாவும் இருந்தால் அப்போதே போட்டுக்கொண்டு படுத்துவிடலாம். இரவுச் சாப்பாடு செரித்திருக்கும், காப்பிக்கு இன்னும் நேரம் இருக்கும், காலை வாந்தியும் தொடங்கியிருக்காது. வாந்தி அதிகமுள்ளவர்களுக்கு இது மிகவும் ஒத்துவருகிறது. இரவுச் சாப்பாட்டை 7 மணிக்கே முடிக்கிறவர்கள் 10 மணிக்கு, படுக்கும் முன் போடலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது.

நெஞ்செரிச்சலுக்குக் கேட்டதும் கொடுக்கும் அமிலமுறி மாத்திரைகளும் டானிக்குகளும் தைராக்சினைப் பிடித்துக்கொள்ளும். இரும்பும் கால்சியமும் அப்படித்தான். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும் என்பதால் தொந்தரவு இல்லை. நான்காம் மாதத்தில் இரும்பு மாத்திரையும் இரண்டு வேளைக் கால்சியமும் தொடங்கும்போதுதான், அதுவரை கட்டுக்குள் இருந்த டி.எஸ்.எச். திடீரென ஏறுவதைப் பார்க்கிறோம். ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் இரும்புச்சத்து டானிக்கும் இந்தக் கணக்கில் சேரும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். விடியற்காலை தைராய்டு, மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், சாயங்காலம் 4 மணிக்கு இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம் என்று கர்ப்பிணி அட்டையின் பின்பக்கம் செவிலியரே எழுதிக் கொடுத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போடும் பழக்கத்தை அந்த நான்கு வரி நிறுத்தும்.

மருந்து டப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் இதன் வீரியத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் அடுப்படி அலமாரியிலோ ஃபிரிட்ஜ் மேலோ வைக்கக் கூடாது; நிழலான உள்ளறையில், அதன் டப்பாவிலேயே, மூடி இறுக்கி வைக்கவேண்டும். நிலையங்களில் காகித உறையில் எண்ணிக் கொடுப்பதை இந்த ஒரு மருந்துக்காவது விட்டுவிடுங்கள். பேறுகாலம் முடியும்வரை ஒரே நிறுவனத்தின் மாத்திரையையே வாங்கித் தரமுடிந்தால் இன்னும் நல்லது.

உப்பு விஷயம் சுருக்கமாக. தூத்துக்குடி அளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேராத கல்லுப்பு மூட்டையாகவே வீடுகளுக்கு வந்துவிடுகிறது. இப்போது இந்துப்பு மோகமும் சேர்ந்திருக்கிறது. கர்ப்பிணிக்குத் தினம் 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அயோடின் கலந்தது என்று அச்சிட்ட உப்பை, மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியும் நேரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதோடு, உப்பை மாற்றிவிட்டதால் மாத்திரை வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகும், அளவு மாற்றிய பிறகும், 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கவேண்டும். பாதிக் கர்ப்பம்வரை இப்படி. அதன் பின் 30 வாரத்தை ஒட்டி ஒருமுறையாவது. 8 முதல் 12 வாரத்தில் கர்ப்ப ஹார்மோனின் வேகத்தில் டி.எஸ்.எச். தானாகவே சற்று இறங்கும். 0.2 என்று வந்ததைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாமல், ஃப்ரீ டி4 பார்த்து முடிவெடுங்கள்.

எங்கள் கடைசிக் கோரிக்கை ஊர் மாறுவதைப் பற்றியது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். வாந்தி அதிகம் என்றால் இரண்டாம் மாதமே திசையன்விளையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே உள்ள செவிலியருக்கு அந்தப் பெண் புதிது. பிக்மி பதிவில் தைராய்டு அளவும் அடுத்த சோதனைத் தேதியும் ஏறியிருந்து, அனுப்பும் செவிலியர் வாங்கும் செவிலியரைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை அழைத்தால் சங்கிலி அறாது. பி.பி., சுகர் மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் வாசலுக்கே கொண்டுவருகிறது. தைராய்டு குறைவுள்ள கர்ப்பிணிகளுக்கு லெவோதைராக்சினையும் அந்தப் பையிலேயே அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். பிரசவம் முடிந்ததும் கர்ப்பத்துக்கு முன்பிருந்த அளவுக்குத் திரும்பி, 6 வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். பார்க்கவேண்டும், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதை வார்டைவிட்டுப் போகும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தைராய்டு, மகப்பேறு சிகிச்சைப் பணியில் உள்ளோர்,
பாளையங்கோட்டை