காந்தத்துக்குப் பதில் சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

சீனா எல்லைப் பிரச்சனை பத்தி உங்க பேப்பர்ல வர்ற கட்டுரை எல்லாம் படிக்கறேன், ஜெனரல், தூதர்னு பெரிய ஆளுக எழுதறாங்க, லடாக் மேப் போட்டு அம்புக்குறி எல்லாம் போடறீங்க, ஆனா காந்தம் கிடைக்காம எங்க பட்டறைக்குள்ள வந்து நிக்கற சண்டையப் பத்தி யாரும் எழுதக் காணோம். நான் கோவைல எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மோட்டார் அசெம்பிள் பண்ற சின்ன யூனிட் வச்சிருக்கேன்.

2020 ஜூன்ல கல்வான்ல நம்ம ஜவான்க 20 பேர் செத்தாங்க, ராமநாதபுரம் கடுக்கலூர் ஹவில்தார் பழனியும் அதுல ஒருத்தரு. ஊரே கொதிச்சுது. டிக்டாக்க தடை பண்ணாங்க, டிவிய ரோட்ல போட்டு உடைச்சு வீடியோ எடுத்தாங்க. சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? 2020-21ல சீனாவுல இருந்து நாம இறக்குமதி பண்ணது சுமாரா 65 பில்லியன் டாலர், 2024-25ல அது 113 பில்லியனத் தாண்டிருச்சு. நாம அங்க விக்கறது வெறும் 14 பில்லியன். உடைச்ச டிவிக்குப் பதிலா வாங்குனதும் அவன் சரக்காத்தான் இருக்கும்.

இப்ப காந்தத்துக்கு வர்றேன். எங்க மோட்டார் ரோட்டர்ல, அதாவது உள்ள சுத்தற பாகத்துல, விரல் நீளத்துக்குத் துண்டு துண்டா நியோடிமியம் காந்தம் ஒட்டுவோம், சூட்டுல அதோட சக்தி போயிடக்கூடாதுன்னு அதுல கொஞ்சூண்டு டிஸ்ப்ரோசியம், டெர்பியம்னு அரிய உலோகம் சேர்ப்பாங்க. 2025 ஏப்ரல் 4ம் தேதி ட்ரம்ப் வரிக்குப் பதிலடின்னு சீனா இந்த மாதிரி 7 கனிமத்துக்கும் அதுல செய்யற காந்தத்துக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம்னு போட்டுச்சு. சண்டை அவங்க ரெண்டு பேருக்கு, லாக் ஆனது நாங்க. காந்தத்த எதுல மாட்டப்போறோம், யாருக்கு விக்கறோம், ராணுவத்துக்குப் போகாதுன்னு எழுதிக் குடுக்கணும், அதுக்கு நம்ம அரசாங்கத்து சீல், அப்புறம் டெல்லில சீன தூதரகம், அதுக்கு மேல பெய்ஜிங். பெரிய பெரிய வண்டிக் கம்பெனிகளே புரொடக்‌ஷன் நின்னுரும்னு அலறுனப்ப எங்கள மாதிரி ஆளுகளோட ஃபைல எவன் பாக்கப்போறான். இந்த அரிய உலோகம் இல்லாத சாதா ஃபெரைட் காந்தத்துக்கு மாத்துங்கன்னு ஈஸியா சொல்றாங்க, மாத்தலாம், அதே பவருக்கு மோட்டார் பெருசாகும், வெயிட் கூடும், டிசைன மறுபடி முதல்ல இருந்து போடணும்.

ஜப்பானுக்கு இதே அடி 2010லயே விழுந்துச்சு. சென்காகு தீவுப் பக்கம் ஒரு சீன மீன்பிடி படகு மோதுன தகராறு, உடனே சீனாவுல இருந்து இந்தக் கனிமச் சரக்கு வர்றது நின்னுச்சு. அவங்க கோஷம் போடல, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவுல லைனாஸ்ங்கற கம்பெனியோட கனிமச் சுரங்கத்துல பணத்தப் போட்டாங்க. நாம 15 வருஷம் கழிச்சு, 2025 நவம்பர்லதான் 7,280 கோடிக்குக் காந்தத் திட்டத்துக்கு அனுமதி குடுத்திருக்கோம்.

இத்தனைக்கும் மண்ணு நம்மகிட்டயே இருக்கு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சில மத்திய அரசு கம்பெனி ஐஆர்இஎல் எத்தன காலமா மணல் அள்ளுது, இந்த அரிய உலோகம் கிடைக்கற மோனசைட் கனிமம் இருக்கறதுல உலகத்துலயே நாம முக்கியமான நாடு, ஆனா அதப் பிரிச்சு உலோகமாக்கி காந்தமாக்கற ஃபேக்டரி பெருசா ஒண்ணும் வளரல. ஆனா ஒண்ணு, நாட்டுப் பாதுகாப்புன்னு சொல்லி குமரி மாவட்ட ஜனங்க தலையில கட்டறதயும் நான் ஒத்துக்க மாட்டேன். கிள்ளியூர் பக்கம் 1,144 ஹெக்டேர் தோண்டறதுக்கு அங்க கடுமையா எதிர்க்கறாங்க, கதிர்வீச்சு பயம் அவங்களுக்கு, அதக் கேக்காம இந்த மாதிரி கனிமச் சுரங்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம்னு 2025 செப்டம்பர்ல மத்திய அரசு எழுதிருச்சு. எனக்குக் காந்தம் வேணும்தான், அதுக்காக அவங்க வாய அடைக்கணும்னு இல்லீங்களே.

அந்த 7,280 கோடி திட்டத்துல வருஷத்துக்கு 6,000 டன், மொத்தம் 5 கம்பெனிக்குத்தான்னு சொல்றாங்க. அந்த அஞ்சு பேரும் பெரிய வண்டிக் கம்பெனிக்கு லாரி கணக்குல அனுப்பிட்டு மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்கு. கோவை, ஓசூர் சின்ன யூனிட்டுகளுக்கு இவ்வளவு பங்குன்னு டெண்டர்லயே எழுத முடியுமான்னு உங்க நிருபர் யாராவது டெல்லில கேட்டு எழுதுனா புண்ணியமாப் போகும்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.