மிரியம் கொலோன் அம்மாவுக்கு

அன்புள்ள மிரியம் அம்மா,

'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் மகன் நீட்டும் பணத்தை வேண்டாம் என்று சொல்லி அவனை வீட்டை விட்டே துரத்துகிறீர்களே, அந்த ஒரு காட்சியால்தான் எங்களில் பலருக்கு உங்களைத் தெரியும். படம் முழுக்கத் துப்பாக்கி வெடிக்கிறது. டோனி மொன்டானா பதில் பேச முடியாமல் நிற்பது என்னவோ உங்கள் முன்னால்தான்.

நீங்கள் பிறந்தது 1936, உங்கள் மகன் டோனியாக நடித்த அல் பசினோ 1940. நாலு வயசு மூத்தவர் அம்மா! இத்தாலிய வம்சாவளிக்காரர் கியூபாக்காரனாக நடிக்கலாம், புவேர்ட்டோ ரீக்கோவில் பிறந்த நீங்கள் கியூபாத் தாயாகலாம். முக்கிய வேடங்களில் கியூபாவில் பிறந்தவர் ஸ்டீவன் பாவர் ஒருவர்தான். நடிகர் தேர்வில் ஹாலிவுட் பார்த்த லட்சணம் இது. அதற்கு முன்பு 'கன்ஸ்மோக்', 'பொனான்சா' போன்ற கௌபாய் தொடர்களில் உங்களுக்குக் கிடைத்த வேடங்களும் இதே ரகம்தான். வந்ததை ஏற்று நடித்தீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, வீட்டு வாடகை கட்ட வேண்டுமே.

ஆனால் யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்யும் நாற்காலியை நீங்களே செய்துகொண்டீர்கள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். 1966இல் ரெனே மார்க்கேஸின் 'மாட்டுவண்டி' நாடகத்தை நியூயார்க்கில் ஆங்கிலத்தில் நடித்தீர்கள். கூட நடித்தவர் அப்போது அவ்வளவாகப் பெயர் தெரியாத ரவுல் ஹூலியா. புவேர்ட்டோ ரீக்கோவின் மலைக்கிராமத்திலிருந்து தலைநகர் சான் ஹுவானின் சேரிக்கும், அங்கிருந்து நியூயார்க்கின் பிராங்ஸுக்கும் பிழைப்பு தேடிப் போகும் குடும்பத்தின் கதை அது. அதே பாதையில் வந்து சேர்ந்த சனங்களோ டிக்கெட் வாங்கி அரங்குக்கு வரும் நிலையில் இல்லை. 1967இல் லாரியை மேடையாக்கி, ஏழைகள் குடியிருந்த பகுதிகளின் தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் நாடகத்தையே கொண்டுபோய்விட்டீர்கள், இலவசமாக. புவேர்ட்டோ ரீக்கன் டிராவலிங் தியேட்டர் பிறந்த கதை இதுதான்.

பிறகு 47ஆம் தெருவில் கைவிடப்பட்டிருந்த தீயணைப்பு நிலையம் உங்கள் அரங்கமானது. பிராட்வே நடந்துபோகும் தூரம். அங்கே லத்தீன் நடிகர்களுக்கு நாயகன், நாயகி, வக்கீல், கோமாளி எல்லா வேடமும் கிடைத்தது. பிள்ளைகளுக்கு நடிப்பு வகுப்பும் நடந்தது.

ஒபாமா கையால் வாங்கிய தேசியக் கலைப் பதக்கத்தை விட எனக்குப் பிடித்தது, 2013இல் திரைக்கு வந்த 'பிளெஸ் மீ, அல்டிமா'. எழுபத்தாறு வயதில், படத்தின் தலைப்பிலேயே உங்கள் பாத்திரத்தின் பெயர்.

கேட்க நினைத்தது ஒன்றுண்டு. உங்கள் அரங்கில் ஒரே நாடகம் ஒரு நாள் ஆங்கிலத்திலும் இன்னொரு நாள் ஸ்பானிஷிலும் நடக்குமே. கூட்டம் எந்த நாளில் அதிகம் சிரிக்கும்?

அன்புடன்,
ஒரு ரசிகை