காலடிப் பள்ளத்தைக் காட்டியவர்களுக்கு நன்றி

கடற்கரையில் நின்று எனக்கு மீன்பிடிக்கச் சொல்லிக்கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

இரை கோர்த்துப் பழகிய எனக்கு, லூர் என்கிற போலி இரையைப் போட்டு மீன் பிடிக்கும் ஆசை இந்தப் பருவத்தில்தான் வந்தது. குஞ்சு மீன் வடிவில் 12 சென்டிமீட்டர் மின்னோ, நீர்மேல் தெறித்து வரும் பாப்பர், ரப்பர் மீன், மூழ்கிப் போகும் 30 கிராம் உலோக ஜிக் என்று பெட்டி நிறையச் சேர்த்தேன். ஒன்றரை மாதம் மாற்றி மாற்றி எறிந்ததில் கை வலிதான் மிச்சம். மீன் ஒன்றுகூட ஏறவில்லை. அந்த நாட்களில் பக்கத்தில் நின்றவர்கள் நீங்கள்.

முதல் நன்றி பெரியவர் ஐயாவுக்கு. "கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் தண்ணீரைப் பார்" என்றீர்கள். அலை வெள்ளையாக உடைகிற இடம் மணல் திட்டு, உடையாமல் கருத்துக் கிடக்கிற இடம் பள்ளம். திட்டில் உடையும் அலை புரட்டிப்போடுகிற நண்டுக்கும் குஞ்சு மீனுக்கும் பெரிய மீன் பள்ளத்து ஓரத்தில்தான் காத்திருக்கும். நானோ முழு பலத்தையும் போட்டு எட்டாத தூரத்துக்கே எறிந்துகொண்டிருந்தேன். பள்ளமோ கரையை ஒட்டி, 15 மீட்டருக்குள், இடுப்பளவு ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நேராக எறியாமல் கரைக்குச் சாய்வாக எறியச் சொன்னீர்கள். அப்போதுதான் லூர் பள்ளத்துக்குள்ளேயே நெடுநேரம் நீந்தும். கரையை நெருங்கிவிட்டது என்று அவசரமாகச் சுற்றி எடுக்கவும் விடவில்லை.

அடுத்து, தன் கம்பிலிருந்தே மின்னோவைக் கழற்றிக் கொடுத்த அண்ணனுக்கு. எதிர்காற்றில் என்னுடையது குட்டிக்கரணம் போட்டுத் தூண்டில் நரம்பிலேயே சிக்கிக்கொள்ளும். உங்களுடையதைக் காதருகே ஆட்டிக் காட்டினீர்கள். உள்ளே குண்டு உருளும் சத்தம். எறியும்போது குண்டு வால் பக்கம் ஓடுவதால் லூர் அம்பு மாதிரி போகும். விழுந்ததும் கம்பை ஒரு சுண்டு சுண்டினால் குண்டு முன்னே வந்துவிடும், அப்புறம் ஒழுங்காக நீந்தும். அதைவிடப் பெரிய பாடம் ரீல் சுற்றும் வேகம். அலை கரைக்கு வரும்போது லூரையும் தள்ளிக்கொண்டு வரும், நரம்பு தொய்யும், அப்போது வேகமாகச் சுற்ற வேண்டும். தண்ணீர் திரும்பி இழுக்கும்போது மெதுவாக. கம்பின் நுனி ஒரே சீராகத் துடிக்கிறதா என்று மட்டும் பார் என்றீர்கள். எந்த லூர் என்பதைவிட அந்தத் துடிப்புதான் முக்கியம் என்று இப்போது நானும் நம்புகிறேன்.

விடியும் நேரம், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சாய்வாக எறிந்த மூன்றாவது வீச்சில், கரைக்கு ஐந்தாறு மீட்டரில், துடிப்பு சட்டென்று நின்றது. அடுத்த நொடி, மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக் அலறியது. "அலை திரும்பும்போது இழுக்காதே, வரும் அலையோடு ஏற்று!" என்று பின்னாலிருந்து கத்திய தம்பிகளே, நீங்கள் இல்லையென்றால் நரம்பு அறுந்திருக்கும். ஈர மணலில் பாறை மீன் ஒன்று வெள்ளியாகப் புரண்டது.

அவசரத்தில் கையால் பிடித்தேன். மீன் துள்ளியதில், லூரில் மாட்டியிருந்த மூன்று முனைத் தூண்டில் முள்ளான மும்முள்ளின் ஒரு முனை கட்டைவிரலில் ஏறியது. ஏறிய வழியே நழுவி வெளியே வந்தும் விட்டது. அதற்குக் காரணம் அக்கா, நீங்கள். முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முனையை முந்தைய வாரம்தான் குறடால் நசுக்கிவிடச் செய்தீர்கள். "உனக்கும் நல்லது, விடப்போகிற மீனுக்கும் நல்லது" என்று சொன்னது நினைவிருக்கிறது. காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டதும் நீங்கள்தான். மீனைத் தண்ணீரில் விட்டேன், சில நொடி நின்று போனது.

அண்ணா, உங்கள் மின்னோவின் முதுகில் பல் தடம் விழுந்திருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மும்முள்ளை எடுத்துவிட்டு ஒற்றை முள் மாட்டித் தனியாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை கரைக்கு வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு நின்று எறிபவன்