இருக்கைகளை எண்ணும் முன் தட்டு போகும் வழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய ரயில் பெட்டிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வேகம், இருக்கைகளின் எண்ணிக்கை, அகலமான சன்னல், சார்ஜர் வசதி என்று பட்டியல் நீள்கிறது. சாப்பாடு எங்கே சூடாகிறது, பயணி அதை எதன்மேல் வைத்துச் சாப்பிடுவார், எச்சில் தட்டு எந்த வழியாகத் திரும்பிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. வரைபடம் போடும் இடத்திலும் இதே கதைதான். முதலில் இருக்கைகளை நிரப்பிவிட்டு, மிஞ்சிய மூலையில் பேன்ட்ரியை, அதாவது வண்டியின் சமையலறையைச் செருகுகிறார்கள். ஆறிப்போன உணவு, மடியில் கொட்டும் தேநீர், நடைபாதையில் நெரிசல், நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி என்று பயணிகள் சொல்லும் பல குறைகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. பரிமாறும் ஊழியரைக் கடிந்துகொள்வதால் அது சரியாகாது.

முதலில் ஒரு சிறு கணக்கு. 16 பெட்டிகள், பெட்டிக்குச் சுமார் 70 பேர் என்றால் 1,100 பயணிகளுக்கு மேல். 48 இருக்கைகள் கொண்ட உணவகப் பெட்டி ஒன்றைச் சேர்க்கிறோம். உட்கார்ந்து, சாப்பிட்டு, மேசையைத் துடைத்து அடுத்தவரை அமர்த்த ஒரு பந்திக்கு 45 நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்தில் நான்கு பந்தி, 192 பேர். ஐந்தில் ஒருவருக்குக்கூட இடமில்லை. ஆகவே உணவகப் பெட்டி மட்டும் போதாது. டிராலியை மட்டும் நம்பினாலும் சிக்கல்தான். 72 இருக்கைப் பெட்டியில் பாதிப் பேர் வாங்குகிறார்கள், ஒருவருக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பெட்டியைக் கடக்க 18 நிமிடம். 16 பெட்டிகளுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கடைசிப் பெட்டியில் இருப்பவருக்குச் சூடான உணவு கிடைக்காது என்பது ரயில் கிளம்பும் முன்பே முடிவான விஷயம். உணவுப் பெட்டியை வண்டியின் நடுவில் வைத்து, இருபுறமும் தனித்தனி டிராலிகளை அனுப்புவதுதான் இதற்கு வழி. நடந்து வருகிறவருக்கும் அதுவே நல்லது. 24 மீட்டர் நீளப் பெட்டிகள் 16 கொண்ட வண்டியில் ஒரு கோடியில் உணவுப் பெட்டி இருந்தால் மறுகோடிப் பயணி 350 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நடுவில் இருந்தால் 200 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

அடுத்தது நடைபாதை. விமானங்களில் புழங்கும் முழு அளவு டிராலி சுமார் 30 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம். நிறைத்தால் எடை 100 கிலோவை நெருங்கும். இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள் போட்ட பெட்டியில் நடைபாதை 50 முதல் 55 செ.மீ. வரைதான் மிஞ்சும். டிராலி நிற்கும்போது ஆள் தாண்டிப் போக முடியாது. கழிப்பறைக்குப் போகிறவரும் டிராலிக்காரரும் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். நடைபாதையை 10 செ.மீ. கூட்ட வழியில்லை என்றால், பெட்டியின் நடுவில் ஒரு வரிசையை விட்டுக்கொடுத்து டிராலி ஒதுங்க இடம் தரலாம். டிராலியின் பிரேக், கைப்பிடியை அழுத்தினால் மட்டும் விடுபடும் வகையாக இருக்க வேண்டும். கால் மிதி பிரேக்கைப் போட மறந்துவிட்டால், 100 கிலோ சரக்கு அடுத்த வளைவில் தானாக ஓடத் தொடங்கும்.

சமையலறைக்குள் மூலப்பொருள் வரும் வழியும் எச்சில் தட்டு திரும்பும் வழியும் குறுக்கிடக் கூடாது. ஏற்றும் கதவு, குளிர்பெட்டி, சூடாக்கும் அடுப்பு, தட்டில் பரிமாறும் மேடை, கொடுக்கும் சன்னல் என்ற வரிசையில் எல்லாம் ஒரே திசையில் நகர வேண்டும். ஒரு தளப் பெட்டியில் பயணிகள் போகும் நடையையும் இதே அகலத்திற்குள் ஒதுக்க வேண்டியிருப்பதால் சமையலறை ஒடுங்கிப் போகிறது. அமெரிக்காவில் 1979இல் ஓடத் தொடங்கிய சூப்பர்லைனர் இரண்டடுக்கு வண்டிகளில் சமையலறை கீழே, மேசைகள் மேலே, இடையில் தட்டுகளை ஏற்றி இறக்கச் சிறு மின்தூக்கி. ஜப்பானின் 100 வரிசை ஷிங்கான்சென் அதிவேக வண்டிகளிலும் 1985 முதல் கீழே சமையல், மேலே உணவகம் என்றுதான் அமைத்தார்கள். இடம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த மின்தூக்கி பழுதானால் பரிமாறுவதே படுத்துவிடும். அதனால் இரண்டாவது தூக்கி இல்லாத இரண்டடுக்கு வரைபடத்தை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.75 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் கொதிகலனில் அதற்கு 35 நிமிடம் ஆகும். 150 மில்லி கோப்பை என்றால் கிடைப்பது 130 கோப்பைக்குச் சற்று மேல். காலையில் அரை மணிக்குள் 300 பேர் தேநீர் கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஊழியர் கொதிகலனில் குளிர்ந்த நீரை ஊற்றி நிரப்புவார், வெப்பநிலை சரியும், வெதுவெதுப்பான தேநீர் வரும். 20 லிட்டர் கலன் ஒன்றுக்குப் பதிலாக 10 லிட்டர் கலன்கள் மூன்றை வைத்தால் ஒன்று நிரம்பும்போது மற்றவை ஊற்றிக் கொடுக்கும். ஒன்று கெட்டாலும் வேலை நிற்காது. மின்கம்பிப் பாதையில் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு ரயில் மாறும் இடத்தில் சில விநாடிகள் மின்சாரம் இருக்காது. திரும்ப வரும்போது கொதிகலன், அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுத்தால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் விழும். 5 முதல் 10 விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக இயங்கும்படி டைமர் வைக்க வேண்டும். குளிர்பெட்டிக்குத்தான் முதல் முறை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதால், அந்த இடைவெளியில் உணவு நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் இந்தச் சமையலறையின் தலையாய வேலை. தீப்பிழம்பும் எண்ணெய்ச் சட்டியும் ஓடும் வண்டிக்குள் வேண்டாம். புகை உணரியை அடுப்புக்கு மேலே மாட்டினால் நீராவியைப் பார்த்து ஓயாமல் கத்தும். கடைசியில் யாராவது அதைத் துணியால் மூடிவிடுவார்கள். சமையலறைக்கு ஏற்றது வெப்ப உணரி.

தண்ணீர் வடிகாலில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. தரையில் ஒரே ஒரு வடிதுளையை நடுவில் வைக்கிறார்கள். வளைவில் தண்டவாளமே ஒரு பக்கம் உயர்ந்திருக்கும். வண்டி அங்கே நின்றுவிட்டால் தண்ணீர் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடித் தேங்கும், ஊழியர் வழுக்கி விழுவார். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வடிதுளைகள் வேண்டும். வடிகுழாயின் வளைவில் நின்று நாற்றத்தைத் தடுக்கும் நீரை, அதாவது நீர்ப்பூட்டை மட்டும் நம்பக் கூடாது. ஆட்டத்தில் அந்த நீர் சிந்திவிடும், சுரங்கப்பாதைக்குள் வேகமாக நுழையும்போது எழும் காற்றழுத்தமும் அதைத் தள்ளிவிடும். பிறகு கழிவுத்தொட்டியின் நாற்றம் சமையலறைக்குள் வரும். ஒருவழி வால்வு கட்டாயம் தேவை.

இனி பயணியின் மேசைக்கு வருகிறேன். வேகமாக வளைவில் திரும்பும் ரயிலில் பயணி உணரும் பக்கவாட்டு விசை, ஈர்ப்பு விசையில் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம். 8 செ.மீ. விட்டமுள்ள கோப்பையில் தேநீரின் மட்டம் அப்போது ஒரு ஓரத்தில் 4 மி.மீ. உயரும். அதன்மேல் திடீர்க் குலுக்கலும் சேரும். அதனால் கோப்பையில் மேலே 2 செ.மீ. விட்டு ஊற்ற வேண்டும். கோப்பையை வாங்கும்போதே அந்த உயரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். மேசையின் ஓரத்தில் 5 மி.மீ. உயர விளிம்பு இருந்தால் தட்டு நழுவாது. ஆனால் விளிம்பைச் சுற்றிலும் தொடர்ச்சியாகக் கட்டிவிட்டால் துடைக்கிறவர் பருக்கைகளை வெளியே தள்ள முடியாமல் மூலையில் அப்பிவிட்டுப் போவார். நடைபாதைப் பக்க மூலையில் கை அகலத்திற்கு விளிம்பை விட்டுவிட வேண்டும்.

மேசையின் ஓரம் உருண்டையாக இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. 2002இல் கலிபோர்னியாவில் பிளசென்ஷியா என்ற இடத்தில் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலும் மோதியபோது, மேசையில் வயிறு இடித்ததால் ஏற்பட்ட காயம் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகுதான் மோதலில் நொறுங்கி விசையை உள்வாங்கும் மேசைகளைப் பற்றி அங்கே தீவிரமாக ஆராய்ந்தார்கள். மெல்லிய, கூரான விளிம்புள்ள மேசையை இன்னும் பொருத்துவது மன்னிக்க முடியாதது. அடுப்பு, குளிர்பெட்டி போன்றவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். ஐரோப்பியத் தரவிதியின்படி பயணிகள் பெட்டியில் பொருத்தும் சாதனங்களின் பிடிமானம், வண்டி ஓடும் திசையில் அவற்றின் எடையைப் போல 3 முதல் 5 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். 40 கிலோ அடுப்பு என்றால் 200 கிலோவைத் தாங்கும் போல்ட்டுகள்.

முன் இருக்கையின் முதுகில் மடங்கும் தட்டுக்கு வேறு பிரச்சினை. முன்னால் இருப்பவர் சாய்ந்தால் தட்டும் சாய்கிறது. முதுகு பின்னால் வருவதற்குப் பதிலாக, நிலையான கூட்டுக்குள் அமரும் பகுதி முன்னோக்கி நகரும் இருக்கைகள் கிடைக்கின்றன. உணவு பரிமாறும் பெட்டிகளில் அவற்றையே போட வேண்டும். தட்டின் கீலைச் சாப்பாட்டின் எடைக்கு மட்டும் கணக்கிட்டால் சீக்கிரம் உடையும். எழுந்திருப்பவர் தன் முழுப் பாரத்தையும் அதில் ஊன்றித்தான் எழுவார்.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு 70 செ.மீ. அகலமும் 130 செ.மீ. நீளமும் கொண்ட இடம், 80 செ.மீ. அகலத் திறப்புள்ள கதவு, அடியில் கால் இல்லாத மேசை ஆகியவை வேண்டும். உணவுப் பெட்டிக்கு அவரால் போக முடியாவிட்டால் அவருடைய இடம் அதை ஒட்டிய பெட்டியிலாவது இருக்க வேண்டும்.

குப்பையைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். காலியான சாப்பாட்டு டப்பா ஒன்று ஏறக்குறைய ஒரு லிட்டர் இடத்தை அடைக்கும். 70 பேர் சாப்பிட்டால் 70 லிட்டர். 20 லிட்டர் தொட்டி வைத்தால் இருபதாவது ஆளோடு சரி. தொட்டியின் வாய் அந்த டப்பாவைவிட அகலமாக இருக்க வேண்டும். குறுகலான வாய் வைத்த இடத்தில் எல்லாம் குப்பை தரையில்தான் கிடக்கும். இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே ஒரு விரல் மட்டும் போகும் சந்தை விட்டால் அதில் பருக்கை விழும், கரப்பான் வரும். கை நுழையும் அளவுக்கு விடுங்கள், அல்லது முழுவதும் அடைத்துவிடுங்கள்.

பெட்டிகளை வாங்கும் நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சமையலறையும் ஒரு பாதி இருக்கைப் பகுதியும் முழு அளவில் ஒட்டுப்பலகையில் செய்யப்பட வேண்டும். நிரம்பிய டிராலி, சக்கர நாற்காலி, எச்சில் தட்டுகள், குழந்தையைத் தூக்கியவர் எல்லாரையும் ஒரே நேரத்தில் அதற்குள் விட்டு, ஒரு பந்தியை முழுவதும் நடத்திப் பார்க்க வேண்டும். அங்கே எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அந்த எண்ணை ஒப்பந்தத்தில் இருக்கை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ரயில் பெட்டி உள்ளமைப்புப் பொறியாளர் ஒருவர்