தைப்பூசத்துக்கு நீ வந்தா குருவியளுக்கு ஆர் சாப்பாடு போடுறது

அன்பின் வசந்தி,

ரொறன்ரோவில இருந்து நீ போட்ட கடிதம் கிடைச்சுது, எல்லாரும் சுகம் எண்டதில சந்தோசம். இஞ்சயும் சுகம்தான், இந்தமுறை மாரி நல்லாப் பெய்து இரணைமடு வான் பாஞ்சது, வயலெல்லாம் கதிர் தள்ளி நிக்குது. சின்னவன் ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்.

தைப்பூசத்துக்கு வர ஆசை, ஆனா மூண்டு கிழமை வீட்டில ஆளில்லாட்டி, குருவியளுக்கு விதை போட்டுத் தொங்கவிட்ட ஃபீடர் வெறுமையாப் போய் குருவியள் செத்துப்போகுமோ எண்டு கேட்டிருந்தாய் எல்லே, அதை வாசிச்சதில இருந்து எனக்கும் அதே யோசினைதான். சயன்ஸ் படிப்பிக்கிற ஆள் எண்டபடியா சும்மா விடாமத் தேடி வாசிச்சன். வடிவா வா, ஒண்டுக்கும் பயப்படாத. உன்ர வேலிக்கரையில கறுத்தத் தொப்பியோட வாற அந்தச் சிக்கடீக் குருவியை வச்சே அமெரிக்காவில விஸ்கான்சின் பக்கம் ரெண்டு பேர் ஆராய்ச்சி செய்திருக்கினம். வருசக்கணக்கா ஃபீடர் தொங்கின இடத்தில அதைக் கழட்டிப்போட்டுப் பாத்திருக்கினம், ஃபீடரையே காணாத குருவியள் எவ்வளவு தப்பிச்சுதோ அவ்வளவு இதுகளும் தப்பிச்சிருக்கு. 1992ல அந்த முடிவு வெளிவந்தது. சாப்பாடு கிடைக்கிற காலத்திலயும் அதுகள் பெரும்பங்கைக் காட்டிலதான் தேடித் தின்னுதுகளாம், ஃபீடரை மட்டும் நம்பி இருக்கேல்ல.

அதுக்காக நீ போடுறது வீண் எண்டு நினைச்சிடாத. அதே ஆக்கள் 1988ல எழுதினதையும் பாத்தன், சாப்பாடு போட்ட இடத்தில குளிர்காலம் முழுக்கத் தப்பினது நூற்றுக்கு 69, போடாத இடத்தில 37 தான், அதுவும் கடும் குளிர் கூடின மாசங்களிலதான் பெரிய வித்தியாசம். யோசிச்சுப் பார், ஒரு சுண்டுவிரலளவு உடம்பு, இரவு முழுக்கக் குளிரில விறைச்சுச் சாகாம இருக்க வேணும், பகலில 42 பாகை இருக்கிற உடம்புச் சூட்டை இரவில தானாவே 10, 12 பாகையளவு குறைச்சு 30 பாகைக்குக் கிட்ட இறக்கிக் கொழுப்பை மிச்சம் பிடிச்சு விடியவரைக்கும் தாக்குப் பிடிக்குதாம். விடிய அதுக்கு உடன சாப்பாடு வேணும். ஸ்நோ கொட்டின காலமையில நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டு போய்க் கறுத்தச் சூரியகாந்தி விதை போடுறது எவ்வளவு பெரிய காரியம் எண்டு இப்பதான் எனக்கு விளங்குது.

வெளிக்கிட முந்தி ஒண்டு மட்டும் செய். அரைகுறை விதையோட ஃபீடரை விட்டிட்டு வராத, ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடிச்சா அதுதான் குருவிக்கு வருத்தம் குடுக்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி விட்டுக் கழுவி நல்லாக் காயவிட்டு உள்ள எடுத்து வை. திரும்பிப் போய்க் கட்டேக்க கண்ணாடி யன்னலுக்கு மூண்டடிக்குள்ள கட்டு, இல்லாட்டி நல்லாத் தள்ளிக் கட்டு, இடைத்தூரத்திலதான் வேகம் எடுத்து வந்து கண்ணாடியில அடிபட்டுச் சாகுதுகள். பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி எழுதியிருந்தாய், அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல, பத்தைக்குக் கிட்டத் தொங்கவிடாத.

நீ அந்த நீலநிற ப்ளூ ஜே குருவிக்குக் கோதோட கச்சான் வைக்கிறன் எண்டதும் சிரிப்பு வந்திட்டுது, முல்லைத்தீவுக் கச்சான் எண்டு நினைச்சு வைக்கிறியோ! உப்புப் போட்டதை மட்டும் வைக்காத.

இஞ்ச நான் தானியம் வைக்கிறேல்ல. கல்நெஞ்சு எண்டு நினைக்காத. வச்சா முதல்ல வாறது குரங்கு, பிறகு மயில், ரெண்டும் பழகினா அயலட்டைச் சனத்தின்ர வயலும் தோட்டமும் போச்சு, ஏற்கெனவே அதுகளால விதைக்காம விட்ட ஆக்கள் இருக்கினம். காகத்துக்குச் சோறு வைக்கிறது வேற, அது அம்மாவின்ர காலத்து வழக்கம், அதை விடமாட்டன்.

எங்கட குருவியளுக்குக் கஸ்டகாலம் மாரி இல்லையடி. மாரியில புழுபூச்சிக்குக் குறைவில்லை, ஈசல் கிளம்பினா முத்தமே கலகலக்கும். ஆடி ஆவணியில சோளகம் அடிச்சுக் குளமெல்லாம் வெடிச்சுக் கிடக்கேக்கதான் அதுகள் படுற பாடு, புலுனியும் கொண்டைக்குருவியும் வாயைத் திறந்துகொண்டு கிணத்தடியில குந்தியிருக்கும். அந்த நேரம் நான் குடுக்கிறது தண்ணி. அகலமான மண்சட்டி, விரல்மொழியளவு தண்ணி, நடுவில ஒரு கல்லு, தேனீ வந்தாலும் தாழாம நிண்டு குடிக்கும். நிழலில வை, ஆனா பத்தையோட ஒட்டி வைக்காத. ஒவ்வொரு நாளும் ஊத்திப்போட்டுச் சட்டியின்ர உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவோணும், டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணிக்குக் கொஞ்சம் மேல சட்டியிலதான் ஒட்டி வைக்கும், வெறுமனே ஊத்தினா முட்டை போகாது. பள்ளிக்கூடத்திலயும் இப்ப வகுப்புக்கு ஒரு சட்டி வைப்பிச்சிருக்கிறன், முறை போட்டுக் கழுவுதுகள் பிள்ளையள். பழத்துக்கு, பப்பாசியில உச்சியில நிக்கிறதை நான் பிடுங்கிறேல்ல, பாலைமரம் ரெண்டையும் தறிக்க விடேல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்ட நேரம் இந்தக் காணியில நிழல் எண்டு சொல்ல ஒண்டும் இருக்கேல்ல, உனக்குச் சொல்லத் தேவையில்லை. இப்ப மாம்பழக்குருவி வந்து இருந்து கத்துது, கேக்கேக்க மனம் நிறையுது.

நீ வாற நேரம் வெளிநாட்டுக் குருவியளும் இஞ்சதான் நிக்கும், உன்னை மாதிரி. இமயமலை அடிவாரப் பக்கம் இருந்து ஆறுமணிக்குருவி ஐப்பசியளவில வந்திடும், பின்நேரம் வேலிப்பத்தைக்குள்ள இருந்து விசிலடிக்கும். மன்னாருக்குப் போனா வங்காலையில வடக்கில இருந்து வந்த வாத்துக் கூட்டம் பாக்கலாம், அதை 2010ல ராம்சார் எண்ட சர்வதேச ஈரநிலப் பட்டியலில சேர்த்தவை. உங்கட பக்கம் ஜுங்கோ எண்டு ஒரு சின்னக் குருவி குளிருக்கு ஒதுங்கிற இடமே ரொறன்ரோ எண்டு வாசிச்சன், நம்பவே ஏலாம இருந்தது, உண்மையில உன்ர வளவுக்கும் வருகுதோ? நரைநிறம், வெள்ளை வயிறு, நிலத்தில கொத்தித் தின்னும். பாத்து எழுது.

டிக்கெட் போட்ட உடன சொல்லு. கொண்டுவாறதெண்டா சொக்லேட் வேண்டாம், பழைய பைனோகுலர் ஆராவது வச்சிருந்தா வாங்கிக்கொண்டு வா, பிள்ளையளோட கட்டுக்கரைக்குளத்துக்கு ஒருநாள் போவம்.

அன்புடன்,
உன்ர மலர்
மாங்குளம்