குற்றக் கணக்கை வகை பிரித்து வெளியிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெங்களூருவின் குற்ற நிலவரம் பற்றித் தாங்கள் வெளியிட்ட அட்டவணையில் கொலை, திருட்டு, சைபர் குற்றம், பெண்களுக்கு எதிரான குற்றம் ஆகியவை அடுத்தடுத்த வரிகளில் உள்ளன. முதல் இரண்டும் செயலைச் சொல்கின்றன. மூன்றாவது கருவியைச் சொல்கிறது. நான்காவது பாதிக்கப்பட்டவரைச் சொல்கிறது. ஒரு பெண்ணின் படத்தைத் திரித்து வாட்ஸ்அப்பில் மிரட்டினால் அது கடைசி இரண்டு வரிகளுக்கும் பொருந்தும். இவற்றைக் கூட்டிப் போட்டு 'குற்றம் பெருகியது' என்று தலைப்பிடுவது சரியல்ல.

2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பன்னாட்டுக் குற்ற வகைப்பாடு, செயலை முதன்மையாக வைத்து 11 பெரும் பிரிவுகள் வகுத்தது. வன்முறையோடு பொருளைப் பறிப்பது ஒரு பிரிவு, வன்முறையின்றி எடுப்பது வேறு பிரிவு, மோசடியும் ஊழலும் இன்னொன்று. சைபர் குற்றத்துக்குப் பெரும் பிரிவே இல்லை. கணினி அமைப்பையே தாக்கும் செயலுக்கு மட்டும் ஓர் உட்பிரிவு உண்டு. யுபிஐ வழியாகப் பணத்தைச் சுருட்டினால் அது மோசடியில் சேரும், இணையம் வழியே நடந்தது என்பது பக்கக் குறிப்பாக ஏறும். தங்கள் அட்டவணைக்கும் இந்த முறையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டுக் கணக்கு சட்டப் பிரிவை ஒட்டியது. அதில் ஒரு விதியை வாசகர்கள் அவசியம் அறிய வேண்டும்: ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானதை மட்டுமே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணும். வீடு புகுந்து நகையை எடுத்து, தடுத்தவரைக் கொன்றால் கணக்கில் கொலை மட்டும் நிற்கும். அதேபோல், ஏலச்சீட்டில் நூறு பேர் ஏமாந்து ஒரே எஃப்.ஐ.ஆர். பதிவானால் அது ஒரே வழக்கு. 1939-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லேண்ட் சுட்டிக்காட்டிய வெள்ளைச்சட்டைக் குற்றங்கள், அதாவது மதிப்புள்ள பதவியில் இருப்போர் தொழில் வழியே செய்யும் குற்றங்கள், நம் அட்டவணைகளில் சிறுத்துத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஒரு செல்போன் எப்படிப் பறிபோனது என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும். பூங்கா பெஞ்சில் இருந்ததை எடுத்தால் 303, திருட்டு: மூன்றாண்டு வரை சிறை. ஓடும் பேருந்தில் களவாடினால் 305, ஏழாண்டு வரை. கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் 304. இது புதிதாக வந்த பிரிவு, தண்டனை மீண்டும் மூன்றாண்டு வரை. கத்தியைக் காட்டி மிரட்டிப் பறித்தால் 309, பத்தாண்டு வரை; அடித்துக் காயப்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் 310, ஆயுள் தண்டனை வரை போகும்.

இதில் அதிகம் தவறு நேர்வது புகார் எழுதும்போதுதான். சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் பறிபோனதை 'தொலைந்தது' என்று ஆன்லைனில் பதிந்தால் சிம் மாற்ற அந்த ஒப்புகைச் சீட்டு உதவும். ஆனால் அது குற்றக் கணக்கிலேயே வராது, புலனாய்வும் நடக்காது. பொருளின் மதிப்பையும் விட்டுவிடக் கூடாது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீஸ் புலனாய்வு செய்ய இயலாது. எனவே புகாரில் பொருள் எங்கே, எந்த நேரத்தில், யார் கையிலிருந்து போனது, தள்ளினார்களா, மிரட்டினார்களா, எத்தனை பேர், பில்லில் என்ன விலை, செல்போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் என்ன என்பவை இருக்க வேண்டும். பணமோசடியாக இருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அதுவே வழி.

காவல் நிலையத்தில் பதிய மறுத்தால், குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி புகாரை அந்தப் பகுதியின் போலீஸ் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். தங்கள் அடுத்த அட்டவணையின் அடியில் இந்த நடைமுறையையும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு