ஆசிரியர் வட்டத்தின் ஆண்டறிக்கை, கிருஷ்ணகிரி, 2024–25

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு எட்டுக் கூட்டங்கள் நடந்தன. பொதுத்தேர்வுப் பணியால் இரண்டு தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் நாம் எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க வைக்கும் பயிற்சிகள்.

முதல் பயிற்சி படுத்துவிட்டது. தயாரித்தவன் நான்தான். ‘2050-ல் நம் ஊர்’ என்று படம் வரையச் சொன்னோம். எல்லாத் தாளிலும் பறக்கும் கார், ரோபோ. பிள்ளைகள் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. அப்புறம் மாற்றிக் கேட்டோம்: “2050-ல் உனக்கு 39 வயது. காலையில் எழுந்து பல் விளக்கப் போகிறாய். தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒரு மாணவி எழுந்து, “அப்போ நான் எங்கம்மாவை விடப் பெரியவளா இருப்பேனா சார்?” என்றாள். சரி, வண்டி கிளம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பல் விளக்குவதை வேண்டுமென்றேதான் எடுத்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பழுப்பேறிய பல்லைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னால் வீட்டில் என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னோம். இப்படிப் பின்னால் போய்வந்த வகுப்புகள்தான் முன்னாலும் போயின. நம் மாவட்டமே 2004 பிப்ரவரி 9-ல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது என்றபோது பலர் நம்பவில்லை. மாவட்டமும் மலை மாதிரி எப்போதும் இருப்பது என்றே நினைத்திருந்தார்கள்.

அடுத்து ‘எதிர்காலச் சக்கரம்’. அமெரிக்கர் ஜெரோம் கிளென் 1971-ல் உருவாக்கிய முறை. நடுவில் ஒரு மாற்றத்தை எழுதி, சுற்றிலும் அதன் விளைவுகளையும், அடுத்த வட்டத்தில் விளைவின் விளைவுகளையும் எழுத வேண்டும். நாங்கள் நடுவில் எழுதியது: மாம்பழக் கூழ் ஆலைகள் ஒரு வருஷம் பெங்களூரா ரக மாங்காய் வாங்கவில்லை. முதல் வட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்: விலை விழும், பறிகூலிக்குக் கூடக் கட்டாது. மூன்றாவது வட்டத்தில் ஒரு பையன் “அக்கா கல்யாணம் தள்ளிப்போகும்” என்று எழுதினான். அதற்கு வெளியே, “அக்கா பிளஸ் டூ முடிச்சிடும்.” நல்லதைப் பச்சையிலும் கெட்டதைச் சிவப்பிலும் எழுதச் சொல்லியிருந்தேன். இரண்டு பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். என் சட்டைப் பையிலிருந்த பென்சிலைக் கொடுத்தேன். அன்றிலிருந்து வண்ண விதியை எடுத்துவிட்டோம்.

தரையில் கோடு கிழித்து, ‘ஊர் நன்றாகும், மோசமாகும்’ என இரு பக்கமும் நிற்கச் சொல்லும் பயிற்சியில், எல்லோரும் முதல் ரேங்க் மாணவி நின்ற பக்கமே ஓடினார்கள். இனி சீட்டில் எழுதி வாங்கிய பிறகுதான் நிற்க வைக்க வேண்டும்.

ஒரு பள்ளியில் இடம் தரவில்லை. “இதற்கு மார்க் உண்டா?” என்று கேட்டார்கள். இல்லை. அதனால்தான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, பிள்ளைகள் தங்களுக்கே எழுதிய 42 கடிதங்கள் ஒட்டி மூடியபடி என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. 2035-ல் பிரித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். நான் இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போகிறேன். பெட்டியை யார் வைத்துக்கொள்வது, சாவி யாரிடம் என்பதை இந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் எலித் தொல்லையும் இருக்கிறது.

செயலாளர்